லவினா அன்ரியின் கேற்றடியில் அப்பா நின்ற காரணம்

கொட்டாஞ்சேனை,
கொச்சிக்கடையில் கொடியேறிய வாரம்.

அன்பும் மரியாதையும் உள்ள றோஸி மாமிக்கு, உங்கள் மருமகள் சாமினி எழுதிக்கொள்வது.

நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் அந்தோனியாரின் காவலில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தவக்காலத்தில் அம்மா உங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பி, அதில் அழுது, மூக்கைச் சிந்தி, "மச்சாள், உங்கட தம்பி இந்த வயசில என்னை ஏமாத்திப்போட்டார்" என்று சொல்லிவிட்டபடியால், நான் சுகம் என்று எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை. அன்றிலிருந்து நீங்கள் அப்பாவோடு கதைப்பதில்லை. அவருடைய காலுக்கு ஒப்பரேஷன் என்று நான் அறிவித்தபோதும் "கடவுள் கூலி குடுக்கிறார்" என்று ஒரே ஒரு வரி போட்டீர்கள். அந்த வரியை அப்பா வாசித்தார் மாமி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்து வாசித்தார். வாசித்துவிட்டு, "அக்காவுக்கு எழுத்துப் பிழை குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார். ஆகவே அப்பா குற்றமற்றவர் என்பதை ஆரம்பத்திலிருந்து விளக்கி, உங்கள் இருவரையும் சேர்த்துவைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் கடதாசியில் என்று கேட்பீர்கள். நான் என்ன பேசி அனுப்பினாலும் நீங்கள் அதைக் கனடா பஸ்ஸில் இருந்தபடி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள். அம்மாவின் அழுகையை அப்படிக் கேட்டபோது உங்களுக்குப் பின்னால் இருந்தவர் புளூமெண்டல் வீதி ஆள். அவர் இங்கேயிருக்கும் தன் தங்கைக்குச் சொல்ல, தங்கை மீன் வாங்குகிற இடத்தில் சொல்ல, அம்மா முகம் கழுவிவிட்டு வெளியே வருவதற்குள் விஷயம் எங்கள் லேனுக்குத் திரும்பி வந்துவிட்டது. வெள்ளவத்தையில் என்னோடு புத்தகக் கடையில் வேலை செய்யும் நிலூஷா உங்கள் ஊரிலிருக்கும் தன் அக்காவிடம் வருகிறாள். கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் என் கையெழுத்தையும் வைத்து அவளிடம் கொடுக்கிறேன். அவள் நல்ல பிள்ளைதான். ஆனாலும் கையெழுத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் யாருடைய விஷயத்திலும் தலையிடாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் ஒரு புத்தகத்தோடு அறைக்குள் போய்விடுவேன். கதவை முழுதாகச் சாத்துவதில்லை, அவ்வளவுதான். அப்படி இருந்து கவனித்ததில், போன வருடக் கடைசியிலிருந்து அப்பாவின் நடத்தை எனக்குப் பிடிபடவில்லை. துறைமுகத்தில் கப்பல் சாமான்களை எண்ணிப் பதிகிற கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், கொழும்பு வெக்கையில் வீட்டுக்குள்ளேயே சொக்ஸ் போடத் தொடங்கினார். கேட்டால், "குளிருது" என்றார். காற்றாடிக்கே வியர்க்கிற பங்குனி மாதம். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார், அதுதான் எனக்குச் சந்தேகம். பிறகு, சீனி வருத்தத்துக்கு நடப்பது நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்களாம் என்று, முச்சந்திக் கடைக்கே முச்சக்கர வண்டியில் போகிற மனிதர், காலைதோறும் சேர்ட்டை அயன்பண்ணிப் போட்டு, கழுத்துக்குப் பவுடர் பூசி, கொச்சிக்கடைக் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். "அந்தோனியாரைப் பாக்கிறத்துக்குப் பவுடர் என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார். "வேர்வை மணத்தோட போனா அவர் கேக்கிறதத் தருவாரா?" என்றார் அப்பா. பதில் உடனே வந்தது. யோசித்து வைத்த பதில் என்று நான் குறித்துக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் எதிர்வீட்டு லுத்பியா ராத்தா ஒரு கிண்ணம் கஞ்சியோடு வந்தார். நோன்பு காலம். கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "தங்கச்சி, ஒங்கட மாப்புளயப் பத்தி நான் ஒண்டும் செல்ல வரல்ல. தங்கமான மனிசன். ஆனா ஒவ்வொரு நாளும் அந்த கேக் அடிக்கிற லவினாட கேற்றடியில நிண்டுக்கிட்டு ஈக்கிறார். உள்ளுக்குப் போறதும் இல்ல, அங்கால போறதும் இல்ல. நான் பாத்ததத்தான் செல்ற, நெனச்சதச் செல்லல்ல." அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். லவினா அன்ரியை உங்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன் அப்பாவும் அவரும் கோயில் பாட்டுக்குழுவில் ஒன்றாகப் பாடியவர்கள்; நீங்களும் பாடினீர்கள், உங்களைத்தான் பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர் கணவனை இழந்தவர். கலியாணங்களுக்கும் திருநாள்களுக்கும் கேக் அடித்துக் கொடுக்கிறார். எனவே வீட்டில் இரண்டு சந்தேகம் உண்டானது. அம்மாவின் சந்தேகம் லவினா அன்ரி. என் சந்தேகம் கேக். சீனி வருத்தக்காரர் கேக் வாசம் வருகிற வீட்டுக்கு முன்னால் நிற்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

"நீ போய்ப் பாத்திட்டு வா" என்றார் அம்மா. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே குடையோடு புறப்பட்டேன். துப்பறியும் நாவல்களில் பின்தொடர்கிறவர்கள் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நாவல்களின் தெருக்களில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஆ சாமினி, வேலைக்குப் போகல்லயா? டடாவும் இப்பத்தான் போறார்" என்று சத்தம் போட ஆட்கள் இருப்பதில்லை. இருந்தும் பார்த்தேன் மாமி. அப்பா லேனைத் தாண்டினார், ஜம்பட்டா வீதிப் பக்கம் திரும்பினார், லவினா அன்ரியின் கேற்றடிக்கு வந்தார், நின்றார். கேற்றுக்குப் பக்கத்தில், வெளியே, ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. அதில் அப்பா தன் வீட்டுக் கதிரையில் உட்காருவதைப்போல உட்கார்ந்தார். மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்கிற செவ்வரத்தம் பூக்களை அண்ணாந்து பார்த்தார். கெண்டைக்காலை ஒரு தரம் பிடித்துவிட்டார். லவினா அன்ரி உள்ளேயிருந்து வந்து என்னவோ சொன்னார். அப்பா விரலை உதட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி நடந்தார். அப்புறம் அந்தச் சவப்பெட்டிக் கடைக்கு முன்னால் இன்னொரு தரம் நின்று, கண்ணாடிக்குள் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேற்றடியில் நின்றதை மறைப்பதற்காகச் சவப்பெட்டிக் கடையிலும் நிற்கிறார், எவ்வளவு தந்திரம் என்று நினைத்தேன்.

கதிரை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுதமுடியாது. "கதிரையும் போட்டு வச்சிருக்காளா! இந்த வீட்டில நான் முப்பத்திமூண்டு வருசமா இருக்கிறன், எனக்கு எண்டு ஒரு கதிரை இருக்கா?" இருக்கிறது. அம்மா அதில் இருந்துகொண்டுதான் அதைச் சொன்னார். ஆனால் அம்மா நேரடியாகச் சண்டை போடுகிறவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை, மிகவும் சாதாரணமான குரலில், "அந்தப் பக்கம் ரோட்டைக் கிண்டுறாங்களாம், தூசி. இனி இந்தப் பக்கமா கன்னியர் மடத்து ரோட்டால நடங்க" என்றார். அப்பாவும் மறுபேச்சில்லாமல், "அதுக்கென்ன" என்று அந்தப் பக்கம் போனார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை அம்மாவே பின்னால் போனார். போய், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா கன்னியர் மடத்து வாசலில் நின்றாராம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாராம். வயதான சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து சிரித்துக் கதைத்தாராம். "இப்ப கன்னியாஸ்திரியும் வேணுமாமோ இவருக்கு?" என்று கேட்டு, அம்மா அந்தக் குரல்பதிவை உங்களுக்கு அனுப்பினார். மிச்சம் உங்களுக்கும் உங்கள் பஸ்ஸுக்கும் தெரியும்.

இங்கேதான் மாமி, உங்களுக்கு மனவருத்தம் தரக்கூடிய ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. நீங்கள் கோபிப்பதற்கு முன்பே அனுப்பியிருந்த பாதம் பிடித்துவிடுகிற இயந்திரம் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. கால்களுக்கு இரத்த ஓட்டமும் ஒட்சிசனும் தரும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அப்பா அதை நம்பவில்லை. "ஒட்சிசன் எங்கயிருந்து வரும்? கனடாவிலயிருந்தா? இங்க காத்து இல்லையா?" என்றார். அதில் ஒரு சின்ன நீல விளக்கு எரிகிறதல்லவா, அதைப் பார்த்துவிட்டு, "இது என்ர சீனிக் கணக்கை அக்காவுக்கு அனுப்புது. பாத்துக்கொண்டிரு, நாளைக்கு எடுத்துக் கேப்பா" என்றார். அடுத்த நாள் நீங்கள் அம்மாவுக்குக் கோல் எடுத்து, "தம்பி பலாப்பழம் சாப்பிடுறானா?" என்று கேட்டீர்கள். அதன்பிறகு அந்த விளக்குக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டப்பட்டது. ஆனால் அம்மா விடவில்லை. அம்மாவுக்கு அது வைத்தியம் இல்லை, விலங்கு. காலை அதற்குள் வைத்திருக்கிற நேரம் அப்பா எங்கேயும் போய் நிற்கமாட்டாரே. ஆகவே சூட்டை ஆகக் கூட்டி, பின்னேரம் முழுதும் அதில் இருத்திவைத்தார். அப்பா சொக்ஸைக்கூடக் கழற்றவில்லை. "சுடல்லயா?" என்று நான் கேட்டேன். "ஒண்டும் தெரியல்ல, நல்ல மெஷின்" என்றார் சந்தோஷமாக. ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு சீனி வருத்தக்காரர் தன் காலைப் பற்றிச் சொல்வது எவ்வளவு பயங்கரமான வாக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் அந்த நேரம் பலாப்பழத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழன் வந்தது. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவிவிடுகிற பன்னிரண்டு பேரில் ஒருவராக அப்பாவைத் தெரிவுசெய்திருந்தார்கள். எத்தனையோ வருடம் பெயர் கொடுத்து, எத்தனையோ வருடம் பிறெடி மாமாவைப் போன்றவர்களுக்குப் பறிகொடுத்த இடம். இது எங்கள் கோயிலில் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. ஃபாதர் கழுவப்போகிற காலை, முதல்நாளே அவரவர் வீட்டில் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு, ஃபாதருக்கு வேலையே இல்லாமல் செய்துகொண்டுதான் போவார்கள். அப்பாவோ குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். வெளியே வரும்போது புதுச் சொக்ஸ். "அங்க போய்த்தான் கழட்டுவன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். லவினா அன்ரியின் பெயரைக் காலில் பச்சை குத்தியிருப்பாரோ என்பது அம்மாவின் சந்தேகம். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் சொக்ஸுக்குள் சிகரெட் வைக்கமுடியுமா என்று யோசித்தேன்.

பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக இருந்து வலது காலை நீட்டினார்கள். அப்பா மட்டும் இடது காலை நீட்டினார். ஃபாதரின் சட்டையில் ஒலிவாங்கி குத்தியிருந்தது. ஆகவே பிறகு நடந்த பேச்சு கோயிலுக்கும், கோயிலுக்கு வெளியே கச்சான் கடலை விற்கிறவருக்கும் கேட்டது.

"ஹியூபேட், வலது கால்."

"இதையே கழுவுங்க ஃபாதர்."

"எல்லாரும் வலதுதானே நீட்டியிருக்கிறாங்க."

"அப்ப என்னை விட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போங்க ஃபாதர். நான் தகுதியில்லாதவன்."

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சீடர் இராயப்பரும் அன்றைக்கு இயேசுவிடம் காலைக் கழுவவிடமாட்டேன் என்று மறுத்தவர்தானே. அப்பா அந்தக் காட்சியை நடித்துக்காட்டுகிறார் என்று சனம் நினைத்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்தார். அம்மாகூட, பல வாரங்களுக்குப் பிறகு, அப்பாவைக் கொஞ்சம் பெருமையோடு பார்த்தார். ஃபாதரும் உருகிப்போய், முழங்காலில் இருந்து, "இல்லை ஹியூபேட், நான் கழுவத்தான் வேணும்" என்று சொல்லி வலது சொக்ஸைத் தானே இழுத்துக் கழற்றினார். பிறகு ஒலிபெருக்கியில், "ஐயோ, இது என்ன?" என்று கேட்டது. பாட்டு பாதியில் நின்றது.

பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து குழியாக இருந்தது. விரல் நுனி கறுத்திருந்தது. பாதம் மெழுகுப் பொம்மையின் பாதம்போல வெளிறிக் கிடந்தது. அது அப்பாவின் கால் என்று நம்ப எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. அதற்குள் பாட்டுக்குழுவிலிருந்து லவினா அன்ரி ஓடிவந்து, "தண்ணி ஊத்த வேணாம் ஃபாதர், சுத்தமான துணி ஒண்டு தாங்க" என்று காலைப் பொத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து, "நான் எத்தினை தரம் சொன்னனான் ஹியூபேட், போய்க் காட்டு காட்டு எண்டு!" என்றார். அதுவும் ஒலிவாங்கியில் விழுந்தது. அம்மா வாங்கிலிருந்து எழும்பி நின்று, "எப்ப சொன்னனீங்க? எங்க வச்சுச் சொன்னனீங்க?" என்று கேட்டார். அதற்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

முச்சக்கர வண்டியில் அப்பா நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் லவினா அன்ரி. நான் சாரதியின் இருக்கையில் பாதி. ஆமர் வீதியைத் தாண்டினோம். பிறகு லவினா அன்ரி சொன்னார்: "என்ர மனுசனும் இப்பிடித்தான். கொஞ்சத் தூரம் நடப்பார், கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நிப்பார். நிண்டா நோ குறையும், திரும்பவும் நடப்பார். நிக்கிறது ஆருக்கும் தெரியாம இருக்க போஸ்டர் வாசிப்பார், மரம் பாப்பார். கடைசியில முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. இவர் என்ர கேற்றடியில நிண்டு செவ்வரத்தம் பூவைப் பாத்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. எந்த ஆம்பிள செவ்வரத்தம் பூவைப் பாக்கிறான்? அதுதான் கதிரை போட்டன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

"சொன்னா என்ர காலை வெட்டிப்போடுவாங்க எண்டு அழுதார். அந்தோனியார் மேல சத்தியம் வாங்கினார்."

சாரதி வண்டியை ஓட்டிக்கொண்டே முழுதாகத் திரும்பி அப்பாவின் காலைப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த மூன்று பேரும் முதன்முதலில் ஒத்துப்போன விஷயம் அதுதான். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து லவினா அன்ரியின் கேற்றுக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து சவப்பெட்டிக் கடைக்கும் அவ்வளவு தூரம். மற்றப் பக்கம் கன்னியர் மடத்துக்கும் அதே தூரம். அப்பா ஆளைப் பார்த்து நிற்கவில்லை மாமி. கால் நிறுத்திய இடத்தில் நின்றார். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது அவருடைய தப்பு இல்லை. இத்தனை துப்பறியும் கதை வாசித்தும் பிரேதம் எங்கே கிடக்கிறது என்று பார்த்தேனே தவிர, உயிரோடு இருக்கிற மனிதர் கெண்டைக்காலைப் பிடித்ததைப் பார்த்தும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டில்ஷானி என்று ஓர் இளம் டொக்டர். பாதத்தின் மேலே விரல் வைத்து நாடி தேடினார், கிடைக்கவில்லை. பிறகு களிம்பு பூசி, பேனையைப்போல ஒரு கருவியை வைத்துத் தேடினார். இரத்தம் ஓடினால் அது சத்தம் போடுமாம். அப்பாவின் வலது பாதத்தில் அது சும்மா இரைந்தது, ரேடியோவில் நிலையம் கிடைக்காத மாதிரி. கையில் பார்த்த பிரஷரில் பாதிகூடக் கணுக்காலில் இல்லை என்றார். "அங்கிள், கால்ல பெரிய குழாய் அடைச்சிருக்கு. சீனியும் சிகரெட்டும் செஞ்ச வேலை. ரத்தம் போகாட்டி ஒட்சிசன் போகாது. ஒட்சிசன் போகாட்டி என்ன மருந்து போட்டாலும் புண் ஆறாது. முதல்ல வழியத் துறக்கணும். தொடையடியால மெல்லிசா வயர் விட்டு, அடைச்ச இடத்தில பலூன் வச்சு விரிப்பம். பிந்தினா விரல் போகும். இன்னும் பிந்தினா விரலோட நிக்காது."

அப்பா சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் எவனும் 'உள்ளே எல்லாம் சரி' என்று சொன்னதில்லை என்பது அவருடைய நாற்பது வருட அனுபவம். "புண் விரலில. நீங்க ஏன் தொடையடியால போறீங்க?" என்றார்.

"அங்கிள் ஹாபர்லதானே வேலை செஞ்சது? கப்பல் உள்ள வர்ற வழி அடைச்சா, ஜெட்டியில நிண்டு கூப்பிட்டா சாமான் வருமா?"

அப்பாவுக்கு அது விளங்கியது. விளங்கியதுதான் கரைச்சல். "விளங்கிற மாதிரிச் சொல்றாங்க எண்டா ஏமாத்தப் போறாங்க எண்டு அர்த்தம்" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். லவினா அன்ரியின் கணவரையும் முதலில் விரல் என்றுதான் உள்ளே கொண்டுபோனார்கள் என்றார். டொக்டர் பொறுமையாக, அங்கே நாள் கடத்தியதால் வந்த வினை, இங்கே இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அப்பா கூரையைப் பார்த்தார். பெரிய வெள்ளி விடிந்தும் கூரையைத்தான் பார்த்தார்.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். செருப்பைக் கழற்றி, கட்டிலில் அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் தன் காலைத் தூக்கிவைத்து, "மிஸ், அந்த பேனையை இதில வச்சுக் காட்டுங்க" என்றார். டொக்டர் சிரித்துக்கொண்டே வைத்தார். வூஷ், வூஷ், வூஷ் என்று மருதானை ஸ்டேஷனுக்குள் ரயில் வருகிற மாதிரிச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழும்பியிருந்தார். பேனையைத் திரும்ப அப்பாவின் பாதத்தில் வைத்தார். வெறும் இரைச்சல். அப்பா தன் வாழ்நாளில் எண்ணிப் பார்க்கமுடிந்ததை மட்டும்தான் நம்பியவர். அம்மாவின் காலில் எண்ணினார். தன் காலில் எண்ண ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. அம்மா அந்தக் குளிர்ந்த பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெஷின்ல வச்சுச் சுட்டது நான்தானே" என்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத குரலில் சொன்னார்: "இஞ்ச பாருங்க. நீங்க லவினாட கேற்றடியில நிண்டாலும் பரவாயில்ல. ரெண்டு காலில நில்லுங்க."

அப்பா பேனை கேட்டார். எழுதுகிற பேனை. கையெழுத்துப் போட்டார்.

பலூன் வைக்கும்போது அப்பா விழித்துத்தான் இருந்தார். திரையில் தன் காலுக்குள் கறுப்பாக மருந்து ஓடுவதையும், ஓர் இடத்தில் முட்டி நிற்பதையும், பிறகு பிய்த்துக்கொண்டு போவதையும் பார்த்ததாகச் சொன்னார். வார்டுக்கு வந்ததும் டில்ஷானி டொக்டர் பேனையை வைத்தார். அம்மாவினது போல ரயில் இல்லை. ஆனால் இருந்தது. மெதுவாக, சேற்றில் நடக்கிற மாதிரி. அப்பா விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். "வருது" என்றார். "வருதடி." விரல் நுனியில் கொஞ்சத்தையும் நகத்தையும் எடுக்கவேண்டி வந்தது, மிச்சமெல்லாம் அவரோடுதான் இருக்கிறது. புண் மெல்ல மெல்லச் சிவந்து, உள்ளிருந்து மூடி வருகிறது. வழி திறந்ததால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது, திரும்பவும் அடைக்கும், சிகரெட் பக்கமே போகக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது, காலுக்குச் சூடு வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தினமும் டோர்ச் லைட்டும் முகம் பார்க்கிற கண்ணாடியுமாகச் சுங்க அதிகாரியைப்போல விரலிடுக்கெல்லாம் சோதிக்கிறார். அப்பாவும், "அறிவிக்க ஒண்டும் இல்ல மேடம்" என்று காலை நீட்டுகிறார். உங்கள் இயந்திரமும் வீண்போகவில்லை. லுத்பியா ராத்தாவின் பூனை அதில் படுத்துக் குட்டி போட்டிருக்கிறது.

ஆகவே மாமி, உங்கள் தம்பி எந்தப் பெண்ணுக்காகவும் எந்த வாசலிலும் நின்றவர் இல்லை. நோவினால் நின்றார், பயத்தினால் மறைத்தார். அம்மாவும் லவினா அன்ரியும்கூட இப்போது சிநேகிதம். சீனி போடாத கேக் ஒன்று செய்யமுடியுமா என்று இரண்டு பேரும் சேர்ந்து மாவை வீணாக்குகிறார்கள். நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்கு ஒரு கோல் எடுத்து, சும்மா "தம்பி" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும். மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம்; கேட்டால் யாரோ உங்களுக்குச் சொல்லித்தந்தார்கள் என்று சந்தேகப்படுவார்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லுங்கள். உங்கள் எல்லோருடைய கால்களையும் அந்தோனியார் சூடாகவும், கைகளைச் சமாதானமாகவும், போனின் சத்தத்தைக் குறைவாகவும் வைத்திருப்பாராக.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
சாமினி

பி.கு.: கவரை உடைத்தது நான்தான். கையெழுத்து பிரிந்திருந்தால் நிலூஷாவைச் சந்தேகிக்கவேண்டாம். இன்று காலை, டொக்டர் சொன்ன சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அப்பா முதன்முதலாகக் கொச்சிக்கடைக்குத் தனியே நடந்தார். விழுந்துவிட்டால் தூக்கவேண்டுமே என்று மட்டும்தான் நான் பின்னால் போனேன். லவினா அன்ரியின் கேற்றைத் தாண்டினார், நிற்கவில்லை. சவப்பெட்டிக் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோயில்வரை ஒரே நடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வரும்போது லவினா அன்ரியின் கேற்றடியில் நின்றார். கதிரை இருந்தது, உட்காரவில்லை. கெண்டைக்காலைப் பிடிக்கவில்லை. செவ்வரத்தம் பூவையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, நிதானமாகத் தலைவாரினார். இரண்டு காலிலும்தான் நின்றார். ஆகவே அவருக்கு இப்போதைக்குக் கோல் எடுக்கவேண்டாம் மாமி. இரத்த ஓட்டம் குறைந்து நிற்கிறார் என்றால் டில்ஷானி டொக்டரிடம் சொல்லலாம். கூடி நிற்கிறார் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?